மழைநீர் வடிகால்: உச்ச ஓட்டத்தைக் கணக்கிடுவது எப்படி?

[திரையில்: 12 ஹெக்டேர் நகர்ப்பகுதியின் வரைபடம், வெளியேறும் முனை ஒன்று]

வடிகாலின் அகலத்தையும் ஆழத்தையும் முடிவு செய்வதற்கு முன் ஓர் எண் வேண்டும். கனமழையின் உச்சத்தில் இந்த முனைக்கு நொடிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் வந்து சேரும்? சிறிய நகர்ப்பகுதிகளில் இதற்குப் பெரும்பாலும் கையாளப்படுவது ரேஷனல் முறை.

[திரையில்: ஓட்டம் = கெழு × மழைச்செறிவு × பரப்பு ÷ 360]

பரப்பை ஹெக்டேரிலும் மழைச்செறிவை மணிக்கு மி.மீ. என்றும் போட்டால், விடை நொடிக்குக் கன மீட்டரில் வரும். பெருக்கலில் சிரமம் இல்லை. எந்த எண்ணைப் போடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பரப்பை வார்டு எல்லையை வைத்து எடுக்காதீர்கள். தரைமட்டக் கோடுகளைப் பார்த்து, எந்த மேட்டிலிருந்து தண்ணீர் இந்தப் பக்கம் திரும்புகிறது என்று குறியுங்கள். பிறகு நேரில் நடந்து பாருங்கள். உயர்த்திப் போட்ட ஒரு சாலையோ நீளமான ஒரு சுற்றுச்சுவரோ அந்த எல்லையை மாற்றியிருக்கலாம்.

கெழு என்பது, பெய்த மழையில் எவ்வளவு பங்கு வழிந்தோடுகிறது என்பது. கூரைக்கு 0.9, தார்ச்சாலைக்கு 0.85, இடைத்தர மண்ணுள்ள திறந்தவெளிக்கு 0.25 என வைப்போம். நம் பகுதியில் கூரை 4 ஹெக்டேர், சாலை 3, திறந்தவெளி 5.

[திரையில்: 3.6 + 2.55 + 1.25 = 7.4]

கெழுவையும் பரப்பையும் பெருக்கிக் கூட்டினால் 7.4. இனி மழைச்செறிவு. அதிகம் தவறு நடப்பது இங்கேதான், நிதானமாகப் பார்ப்போம்.

மிகத் தொலைவில் விழுந்த துளி வெளியேறும் முனையை அடைய எடுக்கும் நேரம்தான் சேர்நேரம். தரையில் ஓடி வடிகாலுக்குள் இறங்க 10 நிமிடம். பிறகு 600 மீட்டர் வடிகாலில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓட இன்னொரு 10 நிமிடம். மொத்தம் 20 நிமிடம். மழை அவ்வளவு நேரம் நீடித்தால்தான் மொத்தப் பரப்பின் தண்ணீரும் ஒரே சமயத்தில் முனையில் இருக்கும். அதனால் 20 நிமிட மழையின் செறிவைத்தான் எடுக்க வேண்டும். அந்த ஊருக்கான செறிவு–கால அளவு–நிகழ்வெண் வரைபடத்தில், தேர்ந்தெடுத்த மீள்வரவுக் காலத்துக்கு (அத்தகைய மழை சராசரியாக எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்பதற்கு) அது மணிக்கு 90 மி.மீ. என்று கொள்வோம்.

[திரையில்: 7.4 × 90 ÷ 360 = 1.85]

நொடிக்கு 1.85 கன மீட்டர். இதே வரைபடத்தில் ஒரு மணி நேர மழையின் செறிவு 50 மி.மீ. என்றால், அதைப் போட்டவருக்கு வரும் விடை 1.03 மட்டுமே. கூட்டல் பெருக்கல் எல்லாம் சரியாக இருந்தும் வடிகால் ஏறக்குறையப் பாதி அளவுக்குத்தான் கட்டப்படும். 24 மணி நேர மழையளவை 24-ஆல் வகுத்துப் போடுவது இதைவிட மோசம்.

[திரையில்: முனைக்கு அருகிலுள்ள கட்டடப் பகுதி மட்டும் நிறம் மாறுகிறது]

1.85-உடன் நிறுத்திவிடக் கூடாது. கூரைகளும் சாலைகளும் முனைக்கு அருகில், திறந்தவெளி தொலைவில் என்று வையுங்கள். அந்த 7 ஹெக்டேரின் தண்ணீர் 12 நிமிடத்தில் வந்துவிடும். 12 நிமிட மழையின் செறிவு மணிக்கு 115 மி.மீ. என்றால், கூரைக்கும் சாலைக்குமான 3.6 + 2.55 = 6.15-ஐ வைத்து, 6.15 × 115 ÷ 360 = 1.96. பரப்பு குறைந்தும் ஓட்டம் கூடிவிட்டது! ஆகவே முழுப் பகுதிக்கும், விரைவாக வடியும் பகுதிக்கும் தனித்தனியே கணக்கிட்டுப் பெரியதை எடுங்கள்.

இப்போது அளவு. 1.2 மீட்டர் அகலக் கான்கிரீட் செவ்வக வடிகால், 500-க்கு 1 சரிவு, 1.05 மீட்டர் நீராழம், உராய்வு எண் 0.015. வடிகாலின் வடிவம், சரிவு, உராய்வு மூன்றையும் கொண்டு ஓட்டத்தைக் கணக்கிடும் மேனிங் சூத்திரப்படி நொடிக்கு 1.98 கன மீட்டர் போகும். போதும் போலத் தெரிகிறது. ஆனால் இதில் நீரின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1.57 மீட்டர், நாம் வைத்தது 1 மீட்டர். 600 மீட்டரை அது ஆறரை நிமிடத்திலேயே கடந்துவிடும். சேர்நேரம் 16.5 நிமிடமாகிறது, செறிவு சுமார் 100 மி.மீ. ஆக ஏறுகிறது, முழுப் பகுதியின் ஓட்டம் 2.06 ஆகிறது. கட்டடப் பகுதியின் கணக்கும் இப்படியே உயரும். வைத்த வேகமும் கிடைத்த வேகமும் ஒத்துப்போகும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டும்.

அந்த 5 ஹெக்டேரும் நாளை குடியிருப்பாகலாம். கெழு 0.6 ஆனால், பழைய 90 மி.மீ. செறிவுக்கே 1.85 என்பது 2.29 ஆகிவிடும். நில உபயோகத் திட்டத்தில் எதிர்காலத்துக்கு என்ன காட்டியிருக்கிறதோ, அதற்கே கெழு எடுங்கள்.

சுமார் 80 ஹெக்டேருக்கு மேல் போனாலும், நடுவில் குளமோ தேக்கமோ இருந்தாலும் இந்த முறையை நம்ப வேண்டாம். அங்கே நேரத்துக்கு நேரம் ஓட்டம் மாறுவதைக் காட்டும் நீர்வரைவு தேவை.

[திரையில்: அடியில் வண்டல் படிந்த வடிகாலின் குறுக்குவெட்டு]

கட்டிய பிறகு 20 செ.மீ. வண்டல் படிந்தாலே அந்த 1.98 என்பது 1.5 ஆகச் சுருங்கும். நீர்மட்டத்துக்கு மேல் விடும் இடைவெளியை வண்டலுக்கான இடமாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். வண்டலுக்குத் தனி ஆழம் கொடுங்கள். சாலைத் தண்ணீர் வடிகாலுக்குள் இறங்கும், கம்பிச் சட்டம் போட்ட சாலையோரத் திறப்புகளின் கொள்ளளவையும் தனியே சரிபாருங்கள். அவை குப்பையால் பாதி அடைத்திருக்கும் என்று வைத்தே எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.