வெளியிலிருந்து ஒரு சிப்பாய்கூட வராமல் கென்யாவின் கலவரம் நின்றது எப்படி?

2007 டிசம்பர் 27, கென்யாவில் அதிபர் தேர்தல். மூன்றே நாளில் முவாய் கிபாக்கி வென்றதாக அறிவிப்பு. மோசடி என்று கொதிக்கிறது அவரை எதிர்த்துப் போட்டியிட்ட ரைலா ஒடிங்கா தரப்பு. இரண்டே மாதங்களில் 1,100 பேருக்கு மேல் இறந்துபோனார்கள், லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். ஆனால் பிப்ரவரி 28 அன்று அந்த இருவரும் ஒரே மேசையில் கையெழுத்துப் போட்டார்கள். நடுவில் எந்த வெளிநாட்டுப் படையும் வரவில்லை!

(திரையில்: நைரோபி வரைபடம்)

பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான ஆப்பிரிக்க ஒன்றியம் சமரசத்துக்கு மூன்று பேரை அனுப்பியது: ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அன்னான், தான்சானியாவின் முன்னாள் அதிபர் பெஞ்சமின் எம்காப்பா, மொசாம்பிக்கின் முன்னாள் கல்வி அமைச்சர் கிராசா மாஷெல். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சமரசம் பேசக் கூடாது, பேச்சு ஒரே வழியில்தான் நடக்கும் என்பதில் அன்னான் கறாராக இருந்தார்.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

பேச்சு இழுத்துக்கொண்டே போனது. பிப்ரவரி 26 அன்று இரு தரப்புக் குழுக்களின் பேச்சையும் அன்னான் நிறுத்தி வைத்தார். இனி தலைவர்களோடு நேரடியாகப் பேசுவது என்று முடிவு. 28ஆம் தேதி அறைக்குள் போனவர்கள் கிபாக்கி, ஒடிங்கா, அன்னான், எம்காப்பா, அப்புறம் அப்போதைய ஆப்பிரிக்க ஒன்றியத் தலைவரான தான்சானிய அதிபர் கிக்வெட்டே.

கிக்வெட்டே ஏன் என்று கேட்கிறீர்களா? சிக்கலே ஒடிங்கா தரப்பு கேட்ட பிரதமர் பதவியில்தான் இருந்தது. அதிகாரமுள்ள பிரதமர் வந்தால் தன் அதிபர் பதவிக்கு என்ன மிஞ்சும் என்பது கிபாக்கி தரப்பின் பயம். தான்சானியாவில் அதிபரும் உண்டு, பிரதமரும் உண்டு. அந்த ஏற்பாட்டில் நாட்டை நடத்திக்கொண்டிருப்பவரும், முன்பு நடத்தியவரும் எதிரிலேயே உட்கார்ந்து, இது நடக்கக்கூடியதுதான் என்று விளக்குகிறார்கள். சொத்துத் தகராறில் நிற்கும் அண்ணன் தம்பியிடம் பத்து வக்கீல் சொல்லி ஏறாதது, அதே தகராறைத் தாண்டி வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னால் ஏறும். சில மணி நேரத்தில் ஒடிங்காவுக்குப் பிரதமர் பதவி என்று முடிவானது.

இது ஒரு நாட்டின் அதிர்ஷ்டமா? இல்லை. ஆப்பிரிக்க உள்நாட்டுப் போர்களில் நடந்த சமரச முயற்சிகளை ஒப்பிட்டு அல்லார்ட் டுவர்ஸ்மா என்ற ஆய்வாளர் 2020இல் கட்டுரை வெளியிட்டார். பணமும் படைபலமும் குறைவாக இருந்தும், ஆப்பிரிக்க சமரசக்காரர்கள் வெளியாட்களைவிட அதிகம் ஒப்பந்தம் முடிக்கிறார்கள், அவை நிலைக்கவும் செய்கின்றன என்கிறார். பேசுபவரை இரு தரப்பும் நம் ஆள் என்று ஏற்பதே காரணமாம். எனக்கு இது முழுக்கச் சரியாகப் படுகிறது.

வெளி அழுத்தமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸும் அந்த பிப்ரவரியில் நைரோபி வந்துபோனார். ஆனால் எல்லா இடத்திலும் இவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை. எத்தியோப்பிய அரசுக்கும் அந்நாட்டின் வடக்கிலுள்ள திக்ராய் பகுதிப் படைகளுக்கும் நடந்த போரிலோ, 2022 நவம்பர் 2 அன்று தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஒப்பந்தம் ஆவதற்குள் இரண்டு வருடம் ரத்தம் ஓடிவிட்டது. கென்யாவில் சமரசக்காரர்கள் சில வாரங்களிலேயே வந்து சேர்ந்தார்கள். அந்த வேகம் திக்ராய்க்கு ஏன் கிடைக்கவில்லை? உங்கள் கருத்தைக் கமெண்ட்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன்.