நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்ட பேராயர்

அன்பு நண்பர்களே,

1910 ஜூன் மாதம் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. மேடை ஏறியவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர், அமெரிக்கர். அவர்கள் நடுவே 35 வயதுத் தமிழர் ஒருவர் எழுந்தார். திருச்செந்தூர்ப் பக்கம் வெள்ளாளன்விளையில், ஒரு கிராமத்துக் குருவானவரின் மகனாகப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா.

மிஷனரிகளின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை, நன்றியோடு பேசினார். ஆனால் இந்திய ஊழியரை அவர்கள் தங்களுக்குச் சமமாக நடத்துவதில்லை என்பதையும் முகத்துக்கு நேரே சொன்னார். ‘ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள். நாங்கள் அன்பையும் கேட்கிறோம். எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்!’ பைபிளில் அன்பைப் பற்றிப் பேசும் முதலாம் கொரிந்தியர் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தை மனப்பாடமாக அறிந்த சபை அது. அந்த அதிகாரத்தை வைத்தே அவர்களிடம் கேட்டார். சபையில் சலசலப்பு எழுந்தது, சிலருக்குக் கோபமும் வந்தது.

அந்தத் துணிச்சல் திடீரென்று வந்ததல்ல. ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் செயலாளராக ஊர் ஊராகச் சுற்றியவர் அவர். 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் உருவானதில் முன்நின்றவர். நம்மவர் காசு, நம்மவர் ஆள், நம்மவர் நிர்வாகம் என்பதுதான் அந்தச் சங்கத்தின் அடிப்படை. அது தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பியது. அப்புறம் அசரியாவே அங்கே போனார். நல்ல வேலையை விட்டுவிட்டு, தெலுங்கு கற்றுக்கொண்டு, நிஜாம் சமஸ்தானத்தின் ஒரு மூலையில் குடியேறினார்.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவருக்குப் பேராயர் பட்டம் சூட்டினார்கள். இங்கிலாந்துத் திருச்சபை மரபைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். சென்னைப் பேராயர் ஒயிட்ஹெட் அவருக்குப் பக்கபலமாக நின்றார். ஓர் இந்தியருக்குக் கீழே வெள்ளைக்காரர் வேலை செய்வதா என்ற எதிர்ப்பும் இருந்தது.

எடின்பரோவில் மற்றவர்களிடம் கேட்டதைத் தோர்ணக்கல்லில் அவர் தானே செய்து காட்ட வேண்டியிருந்தது. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த பகுதி இதுதான். அவரிடம் வந்த மக்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சாதியினர். ஊருக்குள் நுழைய முடியாத கூலிகள். பேராயரும் அவர் மனைவி அன்பு மரியம்மாளும் மாட்டுவண்டியில் அந்தச் சேரிகளுக்குப் போனார்கள், அவர்களோடு தங்கினார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலையில் கை வைத்து, ‘நான் சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ’ என்று சொல்லச் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரரையும் அந்த ஊழியத்தில் பங்காளியாகவே பார்த்தார் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அவர் கட்டிய தோர்ணக்கல் பேராலயம் 1939இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதில் கோயில் மண்டபத் தூண்களின் சாயலும் உண்டு, மசூதியின் குவிமாடமும் உண்டு. இங்கிலாந்துக் கோதிக் கட்டடத்தை அப்படியே கொண்டுவந்து நட அவர் விரும்பவில்லை.

1930களில் காந்தியடிகளுடன் கருத்து வேறுபாடு வந்தது. தாழ்த்தப்பட்டோர் கூட்டமாக மதம் மாறுவதைக் காந்தி ஏற்கவில்லை. தங்கள் நம்பிக்கையைத் தாங்களே தேர்ந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பதில் அசரியா உறுதியாக நின்றார். அதே சமயம் கிறிஸ்தவர்கள் மட்டும் வாக்களித்துத் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதி வேண்டாம் என்றவரும் அவரே. இரண்டு நிலைப்பாடுகளும் சரி என்பது என் எண்ணம்.

தென்னிந்தியத் திருச்சபைகள் ஒன்றாக வேண்டும் என்று 1919இல் தரங்கம்பாடியில் கூடிப் பேசிய குழுவிலும் அவர் முக்கியமானவர். மிச்ச வாழ்நாள் முழுவதும் அதற்காக உழைத்தார். 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கல்லில் காலமானார். அவர் உழைத்த ஐக்கியம் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில், தென்னிந்தியத் திருச்சபையாக உருவானது.