ஓட்டை போட்ட வினையூக்கி, கையுறையில் ஒட்டிய அம்மோனியா

[திரையில்: N₂ மூலக்கூறு, நடுவில் மூன்று கோடுகள்]

வணக்கம். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். ஆனால் செடியால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு அணுக்களும் முப்பிணைப்பில் இறுகிக் கிடக்கின்றன. பிரிக்க மோலுக்குச் சுமார் 941 கிலோஜூல் வேண்டும்.

பிரித்து ஹைட்ரஜனோடு சேர்த்தால் உரத்துக்கான அம்மோனியா கிடைக்கும். 1913-இல் ஜெர்மனியின் ஒப்பாவ் ஆலை இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது. இரும்பு வினையூக்கி, 400 டிகிரிக்கு மேல் சூடு, நூறு மடங்கைத் தாண்டிய காற்றழுத்தம். அங்கே கைகொடுத்தது தூய இரும்பு அல்ல. ஆல்வின் மிட்டாஷ் குழு ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்து, அலுமினாவும் பொட்டாசியமும் சேர்த்த இரும்பில் வந்து நின்றது. கலப்படம்தான் ஜெயித்தது!

சரி, அந்தச் சூடும் அழுத்தமும் இல்லாமல், தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சியே செய்ய முடியாதா?

[திரையில்: மின்கலம், குமிழிகள்]

ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு ஆறு புரோட்டான், ஆறு எலக்ட்ரான் கொடுத்தால் இரண்டு அம்மோனியா. தாளில் எளிது. ஆனால் ஒரு லிட்டர் தண்ணீரில் நைட்ரஜன் ஒரு மில்லிமோல்கூடக் கரையாது. புரோட்டான்களோ தங்களுக்குள் சேர்ந்து ஹைட்ரஜனாகக் கிளம்பிவிடும். கொடுத்த மின்சாரத்தில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

இங்கேதான் டோப்பிங் வருகிறது, அதாவது வேண்டுமென்றே வேற்று அணுக்களைக் கலப்பது. கிராஃபீன் என்ற ஓரணு தடிமன் கார்பன் தாளில் சில கார்பன்களுக்குப் பதில் போரானை வையுங்கள். கார்பன் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுப்பதால் போரான் லேசான நேர்மின்சுமையோடு நிற்கும். நைட்ரஜன் தன் தனி எலக்ட்ரான் இணையோடு அங்கே வந்து உட்காரலாம். புரோட்டானும் நேர்மின்சுமை கொண்டது, அதற்கு அங்கே வரவேற்பு குறைவு. எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இதுதான்.

இன்னொரு வழி ஓட்டை போடுவது. டைட்டானியம் டைஆக்சைடிலிருந்து ஓர் ஆக்சிஜனை எடுத்துவிட்டால், அது விட்டுப்போன எலக்ட்ரான்கள் பக்கத்து டைட்டானியத்தில் தங்கும். அங்கிருந்து நைட்ரஜனின் எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலுக்கு, அதாவது எலக்ட்ரான் புகுந்தால் பிணைப்பைப் பலவீனமாக்கும் இடத்துக்கு, போனால் முப்பிணைப்பு தளரும். சிக்கல் என்னவென்றால், சுற்றிலும் தண்ணீர். காலி இடம் கிடைத்தால் தண்ணீர் மூலக்கூறே வந்து குடியேறிவிடும். ஓட்டை போடுவதைவிட, வேலை நடக்கும்போது அதைக் காலியாக வைத்திருப்பதுதான் கடினம்.

[திரையில்: கையுறை அணிந்த கை]

அதைவிடக் கடினம், கிடைத்த அம்மோனியா எங்கிருந்து வந்தது என்று நிரூபிப்பது. பல சோதனைகளில் கிடைப்பது மைக்ரோகிராம் கணக்கு. அம்மோனியா ஆய்வகக் காற்றில் இருக்கும், நம் மூச்சில் இருக்கும், ரப்பர் கையுறையிலும் ஒட்டியிருக்கும். நைட்ரஜன் டோப் செய்த கார்பன் என்றால் இன்னும் வம்பு: வினையூக்கியே கரைந்து அம்மோனியாவாகலாம்.

2019-இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் முன்னின்று ஒரு கறாரான சோதனைமுறையை வெளியிட்டார்கள். நைட்ரஜனே இல்லாத ஆர்கான் வாயுவில் ஒரு முறை, அப்புறம் நைட்ரஜன்-15 என்ற சற்றே கனமான நைட்ரஜன் ஐசோடோப்பு வாயுவில் ஒரு முறை. அந்த வாயு சிலிண்டரிலேயே அம்மோனியா கலந்திருக்கலாம் என்பதால், அதையும் சுத்தம் செய்துதான் உள்ளே விட வேண்டும்! அந்தச் சோதனையில் உறுதியாக அம்மோனியா தந்தது, டெட்ராஹைட்ரோஃபியூரான் கரைப்பானில் படியவைத்த லித்தியம். தண்ணீரே இல்லாத வழி.

[திரையில்: என்.எம்.ஆர். வரைபடம்]

அதனால் புது வினையூக்கி பற்றிய கட்டுரை கையில் வந்தால், ஓட்டைகளின் அழகான நுண்ணோக்கிப் படங்களைத் தள்ளிவிட்டு நான் முதலில் தேடுவது இந்த வரைபடத்தை. என்.எம்.ஆர். என்பது காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞையைப் படிக்கும் முறை; அம்மோனியாவில் எந்த நைட்ரஜன் இருக்கிறது என்று அது காட்டிவிடும். நைட்ரஜன்-15 வாயு விட்ட பிறகும் மூன்று கோடு தெரிந்தால் அது வேறெங்கிருந்தோ வந்த சாதாரண நைட்ரஜன். இரண்டு கோடு தெரிந்தால் அது நைட்ரஜன்-15, மேற்கொண்டு படிக்கலாம்.