வைன்ஸ்பெர்க் கோட்டையின் இரண்டு நாள்கள்

அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தென்மேற்கு ஜெர்மனியில், நெக்கர் ஆற்றங்கரை நகரமான ஹைல்ப்ரோனுக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், சரிவெங்கும் திராட்சைக் கொடிகள் வரிசை வரிசையாய் நிற்கும் ஒரு குன்று இருக்கிறது. அதன் உச்சியில் இடிந்த மதில்களும் கூரையிழந்த கோபுரங்களும் எஞ்சியிருக்கின்றன. அடிவாரத்தில் வைன்ஸ்பெர்க் என்னும் சிற்றூர். இந்தக் கோட்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 1140ஆம் ஆண்டின் ஒரு நாளைச் சொல்லி அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 1525ஆம் ஆண்டின் இன்னொரு நாளையும் சொன்னால்தான் இதன் வரலாறு நிறைவு பெறும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். இன்று நாம் காணும் இடிபாடு அந்த இரண்டாம் நாளின் விளைவு.

முதலில் 1140. ஜெர்மானிய அரியணைக்காக ஸ்டவ்ஃபர், வெல்ஃப் என்னும் இரு குலங்கள் மோதிக்கொண்டிருந்த காலம் அது. இத்தாலிய நகரங்களைப் பல தலைமுறைகள் இரண்டுபடுத்திய கட்சிகளின் பெயர்கள்கூட இந்தக் குலப்பகையிலிருந்து பிறந்தவையே. 1138இல் அரசரான ஸ்டவ்ஃபர் குலத்து மூன்றாம் கொன்ராட், வெல்ஃப் தரப்பின் வசமிருந்த வைன்ஸ்பெர்க்கை முற்றுகையிட்டார். அதை மீட்கப் படையோடு வந்த ஆறாம் வெல்ஃப் அந்த டிசம்பரில் நடந்த போரில் தோற்றார். இனி உதவி வராது என்று தெரிந்ததும் கோட்டை பணிந்தது.

அடுத்து நடந்ததைச் சொல்வது, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் கொலோன் நகரில் லத்தீனில் எழுதப்பட்ட அரச வரலாற்றுக் குறிப்பு. பெண்கள் வெளியேறலாம், தத்தம் தோளில் சுமக்க முடிந்ததை எடுத்துச் செல்லலாம் என்று அரசர் அனுமதித்தார். பெண்களோ பொருள்களையெல்லாம் விட்டுவிட்டுத் தம் கணவர்களைத் தோளில் சுமந்துகொண்டு குன்றிலிருந்து இறங்கினார்கள். அரசரின் அண்ணன் பிரெடரிக் இதை ஏற்கக் கூடாது என்று தடுத்தபோது, அரசன் கொடுத்த வாக்கை மாற்றுவது தகாது என்று கூறி கொன்ராட் அவர்களைப் போகவிட்டார். அந்தக் குறிப்பு இதைச் சில வரிகளிலேயே சொல்லி முடித்துவிடுகிறது. அழுகையும் வசனமும் பிற்காலத்தார் சேர்த்தவை.

இது நடந்ததுதானா என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. இதே கதை வேறு பல கோட்டைகளின் மீதும் ஏற்றிச் சொல்லப்படுகிறது என்பது ஐயத்துக்கு வலுவான காரணம். ஆனால் அவற்றில் வைன்ஸ்பெர்க்கைப் போல நிகழ்வுக்கு இவ்வளவு அருகில் எழுதப்பட்ட சான்று கிடைப்பது அரிது. ஆகவே இதை வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. முற்றுகையிட்டவன் பெண்களை வெளியே விடுவது அக்காலப் போர் வழக்கத்துக்குப் புறம்பானதும் அன்று.

இடைப்பட்ட காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வைன்ஸ்பெர்க் பிரபுக்கள் தம் ஊர்மக்களோடு ஓயாமல் வழக்காடினார்கள். 15ஆம் நூற்றாண்டில் ஊரும் கோட்டையும் பலாட்டினேட் கோமகன்கள் கைக்குப் போயின. 1504இல் வூர்ட்டெம்பெர்க் கோமகன் உல்ரிக் பீரங்கிகளோடு வந்து கைப்பற்றினார். உல்ரிக் 1519இல் நாட்டைவிட்டே துரத்தப்பட்டபின், ஆஸ்திரிய ஆட்சியின் பெயரால் இங்கே அதிகாரியாக அமர்ந்தவர் லுட்விக் ஃபான் ஹெல்ஃபென்ஸ்டைன் பிரபு. அவர் மனைவி மார்கரெத்தா, பேரரசர் முதலாம் மாக்சிமிலியனுக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்த மகள்.

1525 வசந்தத்தில் தென் ஜெர்மனி முழுவதும் குடியானவர்கள் எழுந்தார்கள். பண்ணையடிமை முறை ஒழிய வேண்டும், காட்டு விறகிலும் ஆற்று மீனிலும் உரிமை வேண்டும், தம் போதகரைத் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பவை மெம்மிங்கன் நகரில் அவர்கள் வகுத்த பன்னிரண்டு கோரிக்கைகளில் சில. இவற்றில் நியாயமற்றது என்று ஒன்றைக்கூட என்னால் காட்ட முடியாது. பதிலாகக் கிடைத்தது படை. ஏப்ரல் 4 அன்று லைப்ஹைமில் அவர்களின் தோழர்கள் ஏராளமாகக் கொல்லப்பட்டார்கள். அந்தச் செய்தியோடும், ஹெல்ஃபென்ஸ்டைனின் குதிரைவீரர்கள் தம் ஆட்களைத் தாக்கிக் கொன்ற ஆத்திரத்தோடும், ஏப்ரல் 16 ஈஸ்டர் ஞாயிறு காலையில் அவர்கள் வைன்ஸ்பெர்க்கை அடைந்தார்கள். வீரர்களில் பெரும்பாலோர் கீழே ஊரில் இருந்ததால் கோட்டை எளிதில் விழுந்தது. தொடர்ந்து ஊரும் விழுந்தது.

பொக்கிங்கன் ஊரைச் சேர்ந்த யெக்லைன் ரோர்பாக் என்பவரின் தலைமையில், பிடிபட்ட பிரபுவையும் அவரைச் சேர்ந்த உயர்குடியினரையும் ஊர்ப்புறத்து வெளிக்குக் கொண்டுபோனார்கள். இருபுறமும் ஈட்டி நீட்டிய ஆட்கள் வரிசையாக நிற்க, அந்த இடுக்கின் வழியே அவர்கள் ஓடவேண்டும். மார்கரெத்தா கைக்குழந்தையோடு மண்டியிட்டுக் கணவரின் உயிருக்காக மன்றாடினார். யாரும் இரங்கவில்லை. முன்பு பிரபுவிடம் ஊழியம் பார்த்த மெல்கியோர் நொன்னென்மாகர் என்னும் குழலிசைஞர், அவருடைய தொப்பியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு குழல் ஊதியபடி முன்னே நடந்தார். எல்லாம் முடிந்தபின் மார்கரெத்தாவைச் சாணவண்டியில் ஏற்றி ஹைல்ப்ரோனுக்கு அனுப்பினார்கள்.

அவையோரே, அதே குன்று, அதே வேண்டுதல். 1140இன் பெண்கள் பிழைத்தது அரசர் தம் வாக்கைக் காத்ததால். 1525இல் காப்பதற்கு எந்த வாக்கும் மிஞ்சியிருக்கவில்லை. இரு தரப்பும் ஒருவரையொருவர் நம்புவதை அதற்கு முன்பே விட்டுவிட்டிருந்தன. கொலையை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் அதற்கு நேர்ந்த பழிவாங்கலை மறைத்துவிட்டு அதை மட்டும் சொல்வது நேர்மையாகாது. மே மாதத்தில் கெயோர்க் ட்ருக்செஸ் தலைமையில் வந்த பிரபுக்களின் படை, நொன்னென்மாகரையும் பின்னர் ரோர்பாக்கையும் சங்கிலியால் கட்டிச் சுற்றிலும் நெருப்பு மூட்டி உயிரோடு எரித்தது. மே 21 அன்று வைன்ஸ்பெர்க் ஊரே கொளுத்தப்பட்டது. அதன் நகர உரிமையும் பறிக்கப்பட்டது. குடியானவர்கள் தீவைத்த கோட்டையை எவரும் மறுபடி கட்டவில்லை. ஊரார் வீடு கட்டக் கல் எடுத்துச் செல்லும் இடமாக அது தேய்ந்துகொண்டே போனது.

அந்தத் தேய்வை நிறுத்தியவர் ஒரு மருத்துவர். 1819இல் இந்த ஊருக்கு வந்த யூஸ்டீனுஸ் கெர்னர், கெட்டுப்போன இறைச்சிப் பண்டத்தால் வரும் கொடிய நச்சு நோயை முதன்முதலாக விரிவாக ஆராய்ந்து எழுதியவர், கவிஞரும்கூட. கோட்டையைக் காப்பதற்காக 1820களில் பெண்கள் சங்கம் ஒன்றை நிறுவி, நன்கொடை அளித்தவர்களுக்கு இடிபாட்டின் சிறு கல் பதித்த மோதிரங்களைக் கொடுத்தார். வூர்ட்டெம்பெர்க் அரசர் இடிபாட்டை அந்தச் சங்கத்தின் பொறுப்பில் விட்டார். தடித்த கோபுரத்தின் சாளரங்களில் காற்று மீட்டும் யாழ்களைக் கெர்னர் பொருத்தினார். அக்கோபுரத்தின் உட்சுவர்களில் வந்து சென்றோரின் பெயர்களும் வரிகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன.

இரண்டாம் உலகப்போரின் கடைசி வாரங்களில், 1945 ஏப்ரலில், குண்டும் தீயும் கீழேயுள்ள ஊரின் பெரும்பகுதியை அழித்தன. ஊர் மீண்டும் கட்டப்பட்டது. கோட்டையைக் கெர்னர் வழிவந்த சங்கம் இன்றும் பராமரிக்கிறது. அங்கே செல்கிறவர்களுக்கு முதலில் சொல்லப்படுவது 1140இன் கதைதான். மார்கரெத்தாவையும் ரோர்பாக்கையும் நாம்தான் கேட்டறிய வேண்டும்.