கிடங்கு நிறைய மாவு இருந்த ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

கொள்ளைநோயில் ஊரே நின்றுபோனால் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் எப்படித் தாங்கும் என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் 32 வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள். ஜெபமும் தெரியும், ஜுரமும் தெரியும். அதனால்தான் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இந்த மாதிரி விஷயத்தைக் கதையாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். குடும்பத் தலைவர் முன்யோசனைக்காரர். அரிசி, பருப்பு, எண்ணெய், மருந்து, துப்பாக்கி எல்லாம் சேர்த்து வைத்திருப்பார். கெட்ட காலம் வந்ததும் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, வேதம் வாசித்துக்கொண்டு, வெளியே இருக்கிறவர்களிடமிருந்து தன் பிள்ளைகளைக் காப்பாற்றுவார். 2020 மார்ச்சில் நானும் கடைக்கு ஓடி மூட்டை அரிசி வாங்கிப் போட்டவள்தான். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நிஜமாகவே ஊர் அழிந்த ஓர் இடத்தைப் பற்றிப் படித்த பிறகு, நான் பயந்த விஷயமே தப்பு என்று தெரிந்தது. அந்த ஊரைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

கனடாவின் கிழக்குக் கரையில் லாப்ரடார் என்று ஒரு நிலப்பகுதி. 1918-ல் அது கனடாவோடு சேர்ந்திருக்கவில்லை. நியூஃபவுண்ட்லாந்து அரசாங்கத்தின் கீழ் இருந்தது. அதன் வடகரையில் இனூயிட் என்ற பழங்குடி மக்கள் சீல் வேட்டையும் மீன்பிடிப்பும் செய்து வாழ்ந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த மொராவியன் என்ற புராட்டஸ்டண்ட் சபையின் மிஷனரிகள் 1771 முதல் அங்கே ஊர் ஊராக ஆலயம் கட்டினார்கள். இந்தச் சபை நமக்கு அந்நியமில்லை. அதே சபையார் 1760-ல் தரங்கம்பாடிக்கு வந்து, எங்கள் பொறையார் பக்கம் தோட்டம் போட்டுக் குடியிருந்தார்கள். அங்கிருந்து நிக்கோபார் தீவுகளுக்குப் போனவர்களில் பலர் காய்ச்சலில் செத்தார்கள். 1803-ல் தரங்கம்பாடியை விட்டே போய்விட்டார்கள். பனிநாட்டிலோ அவர்கள் வேலை நிலைத்தது. நான்கு ஐந்து தலைமுறைக்குள் இனூயிட் மக்கள் தங்கள் மொழியில் பாட்டும் வேதமும் வாசித்தார்கள், பித்தளை வாத்தியக் குழு வைத்திருந்தார்கள்.

ஊர்ப் பெயர்களைக் கேட்டால் நம் வேதாகமத்தைப் புரட்டுகிற மாதிரி இருக்கும். ஓர் ஊர் நாயீன். இன்னொன்று எப்ரோன். ஆபிரகாம் சாராளை அடக்கம்பண்ணக் குகை வாங்கினாரே, அந்த எப்ரோன்தான். இரண்டுக்கும் நடுவில் ஓக்காக். 1776-ல் உண்டான மிஷன் ஊர். நான் சொல்ல வந்தது இந்த ஓக்காக்கைப் பற்றி.

வருடத்துக்கு ஒரு முறை மிஷன் கப்பல் வரும். பெயர் ஹார்மனி. மாவு, பிஸ்கட், தேயிலை, துணி, வேட்டைக்குத் தோட்டா, கடிதங்கள், எல்லாம் அதில்தான். அது வருகிற நாள் ஊருக்கே திருவிழா. வாத்தியம் முழங்க வரவேற்பார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து சாமான் இறக்குவார்கள்.

1918 இலையுதிர் காலத்தில் அந்தக் கப்பல் நியூஃபவுண்ட்லாந்தின் தலைநகரான செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்திலிருந்து கிளம்பியபோது அங்கே ஏற்கெனவே இன்ஃபுளுவென்சா காய்ச்சல். பள்ளிக்கூடங்களும் தியேட்டர்களும் மூடப்பட்டிருந்தன. கப்பலை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. அக்டோபர் கடைசியில் எப்ரோன், நவம்பர் 4-ஆம் தேதி ஓக்காக். நான்கு நாள் நின்று சாமான் இறக்கிவிட்டுப் போனது. கப்பல் போனதும் வழக்கப்படி பல குடும்பங்கள் சீல் வேட்டைக்குக் கடலோரக் குடிசைகளுக்குக் கிளம்பின. ஒவ்வொன்றும் தனித்தனியே, ஒன்றுக்கொன்று வெகுதூரம். போகிறவர்கள் உடம்போடு நோயும் போனது.

வருடம் முடிவதற்குள் ஓக்காக்கில் 263 பேரில் 204 பேர் இல்லை. வயது வந்த ஆண்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. எப்ரோனில் 100 பேரில் 86 பேர். லாப்ரடார் இனூயிட் மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தச் சில வாரங்களில் போய்விட்டது. அதே வருடம் நம் நாட்டிலும் இதே காய்ச்சல் ஒரு கோடிப் பேருக்கு மேல் கொண்டுபோனது. ஆனால் ஓர் ஊர் என்பதே இல்லாமல் போவது வேறு கணக்கு.

நேயர்களே, இங்கேதான் நான் முதலில் சொன்ன மூட்டை அரிசி ஞாபகத்துக்கு வருகிறது. கப்பல் அப்போதுதான் சாமானை இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. கிடங்கு நிறைய மாவு. வீட்டுக்கு வீடு துப்பாக்கி. அந்தக் குளிரில் எப்படி வாழ்வது என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள். ஜெபிக்கவும் தெரிந்தவர்கள். ஆனால் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் படுத்துவிட்டால் கிடங்குவரை நடப்பது யார்? அடுப்பில் விறகு போடுவது யார்? தீ அணைந்தால், வெளியே பனி உறையும் குளிர். வாளியில் இருக்கிற தண்ணீரே உறைந்துவிடும்.

அந்த இன்ஃபுளுவென்சாவின் கொடுமை, அது கிழவர்களையும் குழந்தைகளையும் மட்டும் பார்த்துத் தூக்கவில்லை. இருபதிலிருந்து நாற்பது வயதுவரை உள்ளவர்களை அடித்துப்போட்டது. அதாவது வீட்டில் தண்ணீர் தூக்குகிற கையை, கஞ்சி காய்ச்சுகிற கையை. அதற்கு அன்றைக்கு மருந்தே இல்லை. 1903-ல் மிஷன் ஓக்காக்கில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி கட்டியது, 1918-ல் அதில் டாக்டர் இல்லை. இருந்திருந்தாலும் அவர் செய்யக்கூடியது நர்ஸ் வேலைதான். உடம்பைச் சூடாக வைப்பது. மணிக்கொரு தரம் இரண்டு மடக்குத் தண்ணீர். மூச்சு வாங்கினால் நிமிர்த்தி உட்கார வைப்பது. படுக்கையை மாற்றுவது. இவ்வளவு அற்பமான வேலையா உயிரைக் காப்பாற்றும் என்று கேட்பீர்கள். காப்பாற்றும். 32 வருடம் பார்த்திருக்கிறேன். தொற்றால் மட்டும் சாவதில்லை மனிதர்கள். தாகத்தால் சாகிறார்கள், குளிரால் சாகிறார்கள், கூப்பிட்டபோது யாரும் வராததால் சாகிறார்கள்.

ஓக்காக் பக்கத்தில் ஒரு வேட்டைக் குடிசை. அங்கே இருந்த எல்லோரும் இறந்துவிட்டார்கள், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியைத் தவிர. அவள் பெயரை நான் சொல்லவில்லை. செத்தவர்களோடும் பனிவண்டி இழுக்கிற பசித்த நாய்களோடும் ஐந்து வாரம்போல அவள் அந்தக் குடிசையில் இருந்திருக்கிறாள். நாய்கள் என்ன செய்தன என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள், இந்த நேரத்தில் குழந்தைகளும் ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பார்கள். அடுப்பு அணைந்துவிட்டது. குடிக்கத் தண்ணீருக்கு அவள் என்ன செய்தாள் தெரியுமா? வீட்டில் மிச்சமிருந்த கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்திகளை ஏற்றி, அந்தச் சுடரில் பனியை உருக்கிக் குடித்தாள்.

அந்த மெழுகுவர்த்திக்கு ஒரு கதை இருக்கிறது. மொராவியன் சபையில் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றிக் கொடுப்பார்கள். உலகத்தின் ஒளி என்று இயேசுவைச் சொல்கிறோமே, அதன் அடையாளமாக. லாப்ரடாரில் அதைச் செருகி நிறுத்த டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்குத்தண்டாக வைப்பார்கள். மெழுகு எரிந்து முடிந்ததும் பிள்ளைகள் கிழங்கையும் தின்றுவிடுவார்கள். அந்தச் சிறுமியும் அப்படி ஒரு மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்துப் பாடியவளாகத்தான் இருப்பாள். ஒரு மெழுகுச் சுடரில் ஒரு டம்ளர் பனியை உருக்கிப் பாருங்கள், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று. பனி உருகினால் அளவில் சுருங்கிப்போகும், கால் டம்ளர்கூடத் தேறாது. அதைத்தான் அவள் நாள்தோறும் செய்திருக்கிறாள். அவள் பிழைத்தாள்.

ஓக்காக்கில் நடமாடக்கூடியவர்கள் நாய்களைச் சுட்டார்கள். செத்தவர்களைப் புதைக்க உறைந்த மண்ணில் குழி தோண்டினார்கள். 32 அடி நீளம், 10 அடி அகலம், 8 அடி ஆழம். தோண்டி முடிக்க இரண்டு வாரம் ஆனது. எப்ரோனில் அதற்கும் ஆள் இல்லை. கடல் மேல் உறைந்த பனிக்கட்டியில் துளை போட்டு, கல்லைக் கட்டி உடல்களை இறக்கினார்கள்.

சாவைக் கொண்டுவந்தது மிஷன் கப்பல். வேதாகமம் கொண்டுவந்த அதே கப்பல். இதைப் படித்த அன்று என்னால் மேற்கொண்டு வாசிக்க முடியவில்லை, புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். தேவன் ஏன் அனுமதித்தார் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. துறைமுகத்தில் அந்தக் கப்பலை ஒரு மாதம் நிறுத்தி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு மட்டும் பதில் இருக்கிறது. நாம் செய்யாமல் விட்டதை அவர் மேல் போட எனக்கு மனம் வரவில்லை.

2021 மே மாதம். எங்கள் தெருவில் ஒரு வீடு. அப்பா, அம்மா, பாட்டி மூவரும் படுத்துவிட்டார்கள். எழுந்து நடக்கக்கூடிய நிலையில் இருந்தது பதினோரு வயதுப் பையன் மட்டும். ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கவில்லை. நான் மதில் இந்தப் பக்கம் நின்றுகொண்டு அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். "தம்பி, ஒரு நோட்டு எடு. மணி எழுது. பாட்டிக்குக் கஞ்சித் தண்ணி ரெண்டு மடக்கு, எழுது. அப்பா ஒண்ணுக்குப் போனாரா, எழுது." எதிர்வீட்டு அக்கா காலையும் மாலையும் கேட்டில் தூக்குப்போசியை மாட்டிவிட்டுப் போவார். மருந்துக் கடைக்காரத் தம்பி ஆக்சிஜன் அளவு பார்க்கிற கருவியை இரவலாகக் கொடுத்தார். அந்த வீட்டில் யாரும் சர்ச்சுக்குப் போகிறவர்கள் இல்லை, தூக்குப்போசி அக்காவும் இல்லை. மூவரும் எழுந்தார்கள். அந்த நோட்டை நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தில், "அம்மா தானே எந்திரிச்சு டீ போட்டாங்க" என்று எழுதியிருக்கிறான்.

சரி, ஓக்காக்கில் மிஞ்சியவர்களுக்கு வருவோம். விதவைகளும் பிள்ளைகளும்தான். மொராவியன் சபையில் விவாகமானவர்களுக்கு ஒரு நாள், வாலிபருக்கு ஒரு நாள், கன்னிப் பெண்களுக்கு, விதவைகளுக்கு, பிள்ளைகளுக்கு என்று தனித்தனிப் பண்டிகை நாட்கள் உண்டு. அன்று அவரவர் வரிசையில் அமர்ந்து ஒன்றாகத் தேநீர் அருந்துவார்கள். ஓக்காக்கில் இனி எந்த வரிசையில் யார் உட்காருவது? 1919-ல் அவர்கள் வீடுகளைப் பிரித்தார்கள், எரித்தார்கள். ஓக்காக்கை விட்டுப் போய்விட்டார்கள். சிலர் எப்ரோனுக்கு, சிலர் ஹோப்டேலுக்கு, சிலர் நாயீனுக்கு. தெற்கே கார்ட்ரைட் பக்கம் ஹென்றி கார்டன் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்து விடுதிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்.

நாயீன் ஊரையும் ஹோப்டேலையும் அந்த நோய் பெரிதாகத் தொடவில்லை. அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அங்கே இருந்தவர்கள் ஓக்காக்காரர்களைத் தங்கள் வீடுகளில் ஏற்றுக்கொண்டார்கள். விதவைகள் மறுமணம் செய்தார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகள் வேறு தாய்மார் மடியில் வளர்ந்தார்கள். இன்றைக்கும் லாப்ரடார் கரையில் தங்கள் பாட்டி ஓக்காக்கிலிருந்து வந்தவர் என்று சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன.

லூக்கா ஏழாம் அதிகாரத்தில் நாயீன் ஊர் வாசலில் ஒரு விதவையின் ஒரே மகனைப் பாடையில் கொண்டுவருகிறார்கள். இயேசு பாடையைத் தொடுகிறார். அவன் எழுந்து உட்காருகிறான். அப்புறம் நம் தமிழ் வேதாகமத்தில் ஒரு சின்ன வரி வருகிறது. "அவனை அவன் தாயினிடத்தில் ஒப்புவித்தார்." சிறுவயதில் இந்தப் பகுதியைப் படிக்கும்போது எழுந்து உட்கார்ந்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரியும். லாப்ரடார் நாயீனில் செத்தவர் யாரும் எழுந்திருக்கவில்லை. படகிலிருந்து இறங்கிய பிள்ளைகளைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய், ஒரு வீட்டு வாசலில் ஒப்புவித்திருக்கிறார்கள்.

வணக்கம்.