கம்பெனிக்குப் பால் கொடுத்து, கண்ணே உனக்கும் பால் கொடுப்பா

நடுவர் ஐயா அவர்களுக்கும், மண்டபம் நிறைய உட்கார்ந்திருக்கும் நம் மலேசியச் சுங்கை சிப்புட் மக்களுக்கும் வணக்கம். பின்வரிசையில் கைக்குழந்தையோடு வந்திருக்கும் அம்மாக்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். பிள்ளை அழுதால் எழுந்து வெளியே போக வேண்டாம் அம்மா. இன்றைக்கு நாம் பேசுவதே அவர்களைப் பற்றித்தான்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். கைக்குழந்தையை வளர்க்கப் பெரிதும் துணை நிற்பது தாத்தா பாட்டியின் அனுபவமா, இந்தக் காலத்து அறிவும் வசதியுமா? நான் தாத்தா பாட்டிக்காக நிற்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி மூன்று விஷயம் சொன்னார். கிளினிக்கும் தடுப்பூசியும் வந்த பிறகுதான் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் பிழைத்தார்கள் என்றார். மின்சாரத்தில் தானாக ஆடும் புவாய்த் தொட்டில் வந்துவிட்டது, இனி தொட்டில் ஆட்ட ஆள் எதற்கு என்றார். பாட்டிமார் பச்சைக் குழந்தையின் வாயில் தேன் தடவுவார்கள், அது ஆபத்து என்றார்.

தேன் விஷயத்தில் அவர் சொன்னது சரி. ஒரு வயது ஆகும்வரை தேன் கொடுக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பிஞ்சுக் குடலுக்குள் நஞ்சை உண்டாக்கிவிடும். என் மகளை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, சேனை வைக்க வேண்டும் என்று என் அம்மா சின்னக் கிண்ணத்தில் தேனோடு காத்திருந்தார். பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வந்த தாதி வேண்டாம் என்றார், காரணமும் சொன்னார். அம்மா கிண்ணத்தைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அனுபவத்தில் உள்ள ஒரு பிழையைத் திருத்த ஒரு நிமிடம் போதும் ஐயா. அனுபவமே இல்லாத கையை எவ்வளவு நேரத்தில் பழக்குவது?

என் கையைத்தான் சொல்கிறேன். என் கணவருக்கு 7 நாள் விடுப்பு. அவர் வேலைக்குத் திரும்பிய அன்று நானே பிள்ளையைக் குளிப்பாட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். கைப்பேசியில் எத்தனையோ காணொளி பார்த்திருந்தேன். தண்ணீர்ச் சூட்டை அளக்கக் கருவியும் வாங்கி வைத்திருந்தேன், அது 37 காட்டியது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிள்ளை மட்டும் நீலம் பாரிக்கிற மாதிரி வீறிட்டது. சோப்பு நுரையில் அந்தச் சின்ன உடம்பு என் கையிலிருந்து வழுக்கியது. எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மணைக்கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், கைலியைச் செருகிக்கொண்டு இரண்டு காலையும் நீட்டினார். முழங்கையை வாளியில் விட்டுப் பார்த்தார். பிள்ளையை வாங்கி, நீட்டிய கால்கள் இரண்டும் சேரும் பள்ளத்தில் கிடத்தினார். ஐயா, அந்தப் பள்ளம் ஒரு பிள்ளைக்கென்றே செய்த மாதிரி இருந்தது. இடது உள்ளங்கையைப் புருவத்துக்கு மேல் கூரை மாதிரி வைத்துக்கொண்டு, வலது கையால் தண்ணீரை மெல்ல ஊற்றினார். ஒரு சொட்டு கண்ணில் இறங்கவில்லை. பிறகு குப்புறப் போட்டு முதுகில் ஊற்றியபோது, அதுவரை கத்திக்கொண்டிருந்த பிள்ளை நீளமாக ஒரு மூச்சு விட்டது. அந்த மூச்சுச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

"எங்கேம்மா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"உங்க பாட்டி காலைப் பார்த்துத்தான்" என்றார்.

என் பாட்டியின் பெயர் தோட்டத்தில் பலருக்குத் தெரியாது. ஆயா என்றால் எல்லாருக்கும் தெரியும். ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு, இடுப்பு முடியாமல் போன பிறகு, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைக்கு வந்தவர். இங்கே இருக்கும் இளையவர்களுக்காகச் சொல்கிறேன். ரப்பர் மரம் விடியற்காலைக் குளிரில்தான் நன்றாகப் பால் விடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். அதனால் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, பேர் கொடுப்பதே இருட்டில்தான். பிள்ளை பெற்றவளுக்கும் அதே நேரம்தான். தூங்குகிற பிள்ளையைக் கைலியில் சுற்றி, லயத்து வரிசை வீட்டிலிருந்து கொட்டகைக்குத் தூக்கி வந்து பாட்டி கையில் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். நானும் அதில் ஒன்றில் கிடந்தவள்தான்.

இப்போது எதிரணித் தோழியின் முதல் பேச்சுக்கு வருகிறேன். பாட்டிமாருக்கும் கிளினிக்குக்கும் ஏதோ பகை இருப்பதுபோல் அவர் பேசினார். அதைக் கேட்டு எனக்கு மனசு வலித்தது. 1948 ஜூன் 16ஆம் தேதி இந்த ஊர்ப்பக்கத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டார்கள். எல்ஃபில் தோட்டம் அதில் ஒன்று. அதைத் தொடர்ந்து நாட்டில் அவசரகாலம் வந்தது, 1960 வரை நீடித்தது. சுடப்பட்ட அன்று பாட்டிக்கு 12 வயது. அப்புறம் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, இரவில் ஊரடங்கு. பாட்டிக்குக் கல்யாணமாகி முதல் பிள்ளை பிறந்தது அந்த வேலிக்குள்தான். ஐந்து மாத ஆண்பிள்ளை. ஒரு ராத்திரி காய்ச்சல் கண்டது. வேலிக் கதவு விடிந்துதான் திறக்கும். விடியும்வரை ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தாராம். விடிந்தது, பிள்ளை இல்லை.

இதைப் பாட்டி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். நெத்திலி ஆய்ந்துகொண்டே சொன்னார். தலையைக் கிள்ளுவதை நிறுத்தவேயில்லை.

அப்படிப்பட்டவர் ஊசியை வேண்டாம் என்பாரா? தாதிமார் தோட்டத்துக்கு வரும் நாளில், கொட்டகைப் பிள்ளைகளுக்கெல்லாம் தலை வாரி, பவுடர் போட்டு, ஊசி அட்டைகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு வாசலில் நிற்பவர் அவர்தான். அவருக்குப் படிக்கத் தெரியாது. எந்த அட்டை எந்தப் பிள்ளையுடையது என்பதை அதிலிருக்கும் கறையையும் மடிப்பையும் வைத்துச் சொல்வார். "ஊசி போடாத பிள்ளையை என் கொட்டகையில விடாதே" என்று தாய்மாரைத் திட்டுவார். கிளினிக் இந்த ஊருக்கு வந்தது உண்மை. ஆனால் அந்தக் கிளினிக் வாசல்வரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனது யாருடைய இடுப்பு என்பதை நடுவர் ஐயா கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, புவாய். என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. சுருள்கம்பியும் மோட்டாரும் வைத்தது, விலையும் கொஞ்சமில்லை. எப்போதும் ஒரே வேகத்தில் ஆடும். பாட்டி தொட்டில் ஆட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். தொட்டில் கயிற்றின் நுனியைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொள்வார். கை பாட்டுக்குக் கீரை ஆயும், காது பிள்ளையின் மூச்சில் இருக்கும். பிள்ளை சிணுங்கினால் விரல் வேகமாக இழுக்கும். மூச்சு சீரானால் விரல் தளரும். அசைவு எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது, பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

எதிரணிக்குச் சட்டம் பிடிக்கும், சட்டத்தையே சொல்கிறேன். பிள்ளைகள் காப்பகத்தை, அதாவது தாஸ்காவை, நடத்த நம் நாட்டில் 1984இலிருந்து சட்டம் உண்டு. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் மூவருக்கு ஒரு பராமரிப்பாளர் வேண்டும் என்பது விதி. எத்தனை மோட்டார் தொட்டில் இருக்கிறது, எத்தனை கேமரா இருக்கிறது என்று அங்கே கணக்கு இல்லை. எத்தனை கை இருக்கிறது என்பதுதான் கணக்கு. இந்தக் காலத்து அறிவே கடைசியில் ஒரு மனுசியைத்தான் கேட்கிறது.

2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகக் கூடியிருக்கிறது. நல்ல சட்டம், நானும் அதன் பலனை அனுபவித்தேன். ஆனால் 99ஆவது நாள் என்று ஒன்று வருகிறதே! எனக்கு ஈப்போவில் வேலை. விடியுமுன் கிளம்ப வேண்டும். அன்றைக்குக் கைப்பேசி என்ன செய்யும்? அன்று இருட்டில் என் அம்மா வாசலில் வந்து நின்றார், கையில் இரண்டு கைலியும் ஒரு பூண்டுக் குழம்புச் சட்டியும். அப்பாவும் பின்னாலேயே வந்தார். அவர் வேலை ஒன்றே ஒன்று. சாயங்காலம் பேத்தியைத் தூக்கிக்கொண்டு போய் ரயில் காட்டுவது. அதை ஒருநாளும் தவறவிட்டதில்லை.

எல்லார் வீட்டிலும் பாட்டி இருக்கிறாரா என்று எதிரணி அடுத்து கேட்கும். நியாயமான கேள்வி. தோட்டங்கள் செம்பனையாகின, தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிகளாகின. பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். பாட்டி ஓர் ஊரில், பேரன் ஓர் ஊரில். என் அம்மாவைப் போல் பக்கத்தில் இருப்பது வரம், அது எனக்குத் தெரியும். ஆனால் இதை யோசித்துப் பாருங்கள். பாட்டி இல்லாத தாய் இந்தத் தாமானில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினால், நாம் எந்த வீட்டைக் காட்டுகிறோம்? "அந்த மூணாவது வீட்டு அம்மா, நாலு பேரப்பிள்ளை வளர்த்தவங்க, கண்ணை மூடிக்கிட்டு விடலாம்" என்றுதானே சொல்கிறோம். சொந்தப் பாட்டி இல்லை என்றால் இன்னொருவர் பாட்டியைத் தேடிப் போகிறோம். என் அணியின் வழக்கை இந்த ஊரே நாள்தோறும் பேசிக்கொண்டிருக்கிறது ஐயா.

மணி அடித்துவிட்டார்கள். ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

என் மகள் பிறப்பதற்கு ஒரு வருடம் முன்பு பாட்டி இறந்துவிட்டார். கொட்டகையில் அவர் தானாகக் கட்டிப் பாடும் தாலாட்டு ஒன்று உண்டு.

ஆராரோ ஆரிரரோ அழுவாதே ராசாத்தி
இருட்டோட போனவ நெரை முடிச்சு வந்துருவா
கம்பெனிக்குப் பால் கொடுத்து
கண்ணே உனக்கும் பால் கொடுப்பா

நெரை என்றால் பால் வெட்டும் மரவரிசை. தாய் எங்கே போனாள், என்ன வேலை செய்கிறாள், எப்போது வருவாள் என்று பிள்ளைக்கு அப்படியே சொல்லிவிடுகிற பாட்டு. போன மாதம் ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, கதவைத் திறக்காமல் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே மோட்டார் புவாய் ஓடவில்லை. அம்மா அதன் கயிற்றைக் கையால் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். "இருட்டோட போனவ ஈப்போ போய் வந்துருவா" என்று பாடிக்கொண்டிருந்தார். பிள்ளை தூங்கவில்லை. கண்ணைத் திறந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

வணக்கம்.