ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்துமா? ருத்தேனியம் டைஆக்சைடு பற்றி ஒரு விளக்கம்

அடுத்த கேள்வி ஒரு மாணவி அனுப்பியது. "உலோகம் மின்சாரத்தைக் கடத்தும், ஆக்சைடு ஆகிவிட்டால் கடத்தாது என்றுதான் படித்தோம். ருத்தேனியம் டைஆக்சைடு மட்டும் எப்படிக் கடத்துகிறது? அதனால் என்ன பயன்?"

டைட்டானியம் டைஆக்சைடைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், விளங்கிவிடும். வெள்ளைப் பெயின்டில் கலக்கும் வெண்தூள் அதுதான். இரண்டுக்கும் ரூட்டைல் என்ற ஒரே படிக அமைப்பு. ஒவ்வோர் உலோக அயனியைச் சுற்றியும் ஆறு ஆக்சிஜன். ஆனாலும் ஒன்று வெள்ளை, மற்றொன்று கருநீலம். நான்கு எலக்ட்ரான்களை இழந்த டைட்டானியத்திடம் டி எலக்ட்ரான், அதாவது அணுவின் டி துணைக்கூட்டில் இருக்கும் எலக்ட்ரான், ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. ருத்தேனியத்திடம் நான்கு மிஞ்சுகின்றன. அவை இருக்கும் ஆற்றல் பட்டை, அதாவது படிகத்தில் எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் நிலைகளின் தொகுப்பு, முழுதாக நிரம்பாததால், எலக்ட்ரான்கள் ஓர் அயனியோடு கட்டுண்டு கிடக்காமல் படிகம் முழுவதும் உலவுகின்றன. சூடாக்கினால் மின்தடை ஏறுகிறது. அது உலோகத்துக்கே உரிய குணம். அதற்காகச் செம்புக்கு ஈடு என்று நினைத்துவிடாதீர்கள். இதன் மின்தடை எண் செம்பைப் போல ஏறத்தாழ 20 மடங்கு.

பயன்களில் எனக்கு மிகவும் பிடித்தது குளோரின் தயாரிப்பு. உப்புக்கரைசலில் மின்சாரம் செலுத்திக் குளோரின் எடுக்க முன்பெல்லாம் கிராஃபைட் நேர்மின்வாய்தான். அது தேய்ந்துகொண்டே போகும். தேயத் தேய மின்வாய்களுக்கு நடுவே இடைவெளி கூடும், மின்செலவும் கூடும். சரி, டைட்டானியத் தகட்டை வைக்கலாமே என்றால், அதன் மேல் அதே டைட்டானியம் ஆக்சைடு படிந்து மின்சாரத்தை அடைத்துவிடும்! 1960-களில் ஹென்றி பெர்னார்டு பீர் என்ற கண்டுபிடிப்பாளர் அந்தத் தகட்டின் மேல் ருத்தேனியம் ஆக்சைடைப் பூசும் வழியைக் கொண்டுவந்தார். இரண்டு ஆக்சைடுகளுக்கும் படிக அமைப்பு ஒன்றாக இருப்பதால், கலந்து பூசினால் கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன. ஒன்று பிடிமானம் தருகிறது, மற்றது மின்சாரத்தைக் கடத்துகிறது. உருவம் மாறாத மின்வாய் கிடைத்துவிட்டது.

இன்னொன்று உங்கள் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. மின்சுற்றுப் பலகையில் 103 என்று எழுதிய, அரிசியைவிடச் சிறிய கறுப்புத் துண்டைப் பார்த்திருப்பீர்கள். அது 10,000 ஓம் மின்தடை. கறுப்பாகத் தெரிவது பாதுகாப்புப் பூச்சு. அதற்கு அடியில், வெண்ணிற அலுமினாவின் (அலுமினிய ஆக்சைடின்) மேல், ருத்தேனியம் டைஆக்சைடையும் கண்ணாடித் தூளையும் குழைத்து அச்சிட்டு, சுமார் 850 டிகிரி செல்சியஸில் சுட்ட படலம் இருக்கிறது. கண்ணாடியைக் கூட்டினால் மின்தடை ஏறும், ஆக்சைடைக் கூட்டினால் இறங்கும். பிறகு லேசரால் படலத்தில் ஒரு கீறல் போட்டு மதிப்பைத் துல்லியமாக்குகிறார்கள்.

நீர் சேர்ந்த ருத்தேனியம் ஆக்சைடு மின்னூட்டத்தையும் ஏராளமாகச் சேமிக்கும். கந்தக அமிலத்தில் ஒரு கிராமுக்கு 720 ஃபாரட் (மின்தேக்குத்திறனின் அலகு) வரை அளந்திருக்கிறார்கள். ஆனால் ருத்தேனியம் அரிய உலோகம், விலையும் அதிகம். அதனால்தான் மீமின்தேக்கி (மின்னூட்டத்தை ஏராளமாகச் சேமிக்கும் கருவி) ஆய்வாளர்கள் பலர் மலிவான மாங்கனீசு டைஆக்சைடின் பக்கம் திரும்பினார்கள்.